சுருள் சுருளாக ஒரு சந்தோஷம்

மனிதன் செய்த கருவிகளிலேயே உனக்கு மிகவும் பிடித்தது எது என்று நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் நான் யோசிக்க மாட்டேன். இழைப்புளி! ஒரு கட்டை, அதில் சாய்வாகக் குடைந்த ஒரு வாய், வாய்க்குள் ஓர் அலகு, அலகை இறுக்க ஓர் ஆப்பு. இந்த நான்கு சாமான்தான். ரம்பம் அறுத்துப் போட்ட பலகை, தொட்டால் கையில் சிராய் ஏறும் பலகை, இந்தக் கட்டை நாலு தடவை போய் வந்ததும் கன்னத்தை வைத்துப் படுக்கலாம் என்கிற மாதிரி ஆகிவிடுகிறது. எத்தனை வருடம் பார்த்தாலும் எனக்கு அலுக்காத அதிசயம் இது.

தச்சு வேலை என் தொழில் அல்ல, என் பைத்தியம். எங்கள் தெருவுக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்த ஒரு பெரிய ஆசாரியிடம்தான் கற்றுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் நிற்பேன். அவர் வைத்திருந்த இழைப்புளி புளிய மரத்து வைரத்தில் செய்தது. கைபட்டுக் கைபட்டுக் கறுத்து, பெருவிரல் அழுந்தும் இடத்தில் ஒரு சின்னக் குழி விழுந்திருக்கும். முதல் பாடமாக அவர் மரத்தைத் தொடவே விடவில்லை. "மொதல்ல அலகத் தீட்டுங்க தம்பி. அலகு தீட்டுனா மரம் தானா வரும். தீட்டலேன்னா நீங்க எவ்வளவு பலசாலியா இருந்தாலும் மரம் உங்களத் திருப்பி அடிக்கும்" என்றார்.

அலகு தீட்டுவதைப் பற்றி மட்டுமே நான் பத்துப் பக்கம் எழுதுவேன். எண்ணெய்க்கல்லில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, அலகின் சரிவை 25, 30 பாகைக்குள் கல்லோடு ஒட்ட வைத்துத் தேய்க்க வேண்டும். சரிவு முழுவதும் தேய்ந்து முனைக்கு வந்துவிட்டால் மறுபக்கத்தில் ஒரு பிசிறு எழும். கண்ணுக்குத் தெரியாது; விரல் நுனியைப் பின்பக்கத்திலிருந்து மெல்லத் தள்ளிப் பார்த்தால் தட்டுப்படும். அது தட்டுப்பட்டால் பாதி வேலை முடிந்தது என்று அர்த்தம். பிறகு அலகைத் திருப்பி, முதுகைக் கல்லில் படுக்கவைத்து அந்தப் பிசிறை எடுக்க வேண்டும். கடைசியில் தோல் பட்டையில் நாலு இழுப்பு. இரண்டு தளங்கள் சந்திக்கும் அந்தக் கோட்டில் இனி வெளிச்சம் பட்டால் எதுவும் தெரியக் கூடாது. வெள்ளைக் கோடு மின்னினால் அங்கே மழுங்கல் இருக்கிறது, மறுபடி கல்லுக்குப் போக வேண்டியதுதான். தீட்டிய அலகை முன்கையில் வைத்தால் ரோமம் உதிரும். அந்த அலகைப் பூட்டி ஒரு பழைய தேக்குச் சட்டத்தில் முதல் தள்ளு தள்ளும்போது வருமே ஒரு சத்தம், 'சர்ர்ர்' என்று ஒரே சீராக! பட்டறை முழுக்கத் தேக்கு மணம். வாயிலிருந்து சுருண்டு எழும் சீவல் கைமேல் விழும்போது லேசாகச் சூடாகக்கூட இருக்கும்.

இந்தச் சுகம் மனிதனுக்குக் கிடைக்க எவ்வளவு காலம் ஆகியிருக்கிறது தெரியுமா? எகிப்தியரிடம் இழைப்புளி கிடையாது. வாய்ச்சி உண்டு, உளி உண்டு, தன் பக்கமாக இழுத்து அறுக்கும் ரம்பம் உண்டு. இழைப்புளி மட்டும் இல்லை. ஆனாலும் அவர்கள் செய்ததைப் பாருங்கள். கூஃபு மன்னனுக்காகச் சுமார் 4,600 ஆண்டுகளுக்கு முன்னால் செய்யப்பட்ட படகு, கீசாவின் பெரிய பிரமிடுக்குப் பக்கத்தில் குழிக்குள் கழற்றி அடுக்கிய நிலையில் 1954-ல் கிடைத்தது. லெபனான் தேவதாரு மரம். நீளம் 43 மீட்டருக்கும் மேல். 1,224 துண்டுகள். பலகையோடு பலகையைக் கயிற்றால் தைத்திருக்கிறார்கள்! சக்காராவில் ஜோசர் மன்னனின் படிப் பிரமிடுக்கு அடியில் கிடைத்த ஒரு சவப்பெட்டியோ ஆறு மெல்லிய பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நார் மாற்றி மாற்றி அடுக்கிச் செய்தது. இன்று கடையில் நாம் வாங்கும் பிளைவுட்டுக்கு முப்பாட்டன் அதுதான்.

லக்சரில் ரெக்மிரே என்ற அமைச்சரின் கல்லறைச் சுவரில் ஒரு தச்சுப் பட்டறையே ஓவியமாக இருக்கிறது. ஒருவர் மரத்தைக் கம்பத்தில் கட்டி நிறுத்தி அறுக்கிறார். இன்னொருவர் வாய்ச்சி போடுகிறார். மரத்தை மழமழப்பாக்க அவர்கள் கையில் இருந்தது மணற்கல். 1922-ல் திறந்த துட்டன்காமன் கல்லறையில் கிடைத்த நாற்காலிகளும் மடக்குக் கட்டிலும் அப்படித்தான் வழவழப்பாயின. வாய்ச்சியால் செதுக்கி, கல்லால் தேய்த்துத் தேய்த்து. அந்தக் கைகளின் பொறுமையை நினைத்தால் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

வாய்ச்சிக்கும் இழைப்புளிக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்தக் கதையின் உயிர். வாய்ச்சி போடுகிறவனுக்கு நேர்க்கோடு என்பது அவனுடைய கண்ணிலும் மணிக்கட்டிலும் இருக்கிறது. ஒவ்வொரு வெட்டும் அவன் கையின் தனித் தீர்மானம். இழைப்புளியில் அப்படியில்லை. அதன் அடிப்பாகம் மட்டமாக இருக்கிறது; அலகு அந்த அடியைத் தாண்டி ஒரு மயிரிழைதான் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதைவிட ஆழமாக அது வெட்டவே முடியாது. கருவி தன்னிடம் உள்ள நேரை மரத்துக்குக் கொடுத்துவிடுகிறது! தச்சுக்கலையில் இதைவிடப் பெரிய பாய்ச்சல் வேறொன்று நடந்ததாக நான் நினைக்கவில்லை. ரம்பம், உளி, கடைசல் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய இழைப்புளிகள் ரோமானியர்களுடையவை. கி.பி. 79-ல் வெசுவியஸ் எரிமலையின் சாம்பலில் புதைந்த பொம்பெயியில் அவை கிடைத்தன. இங்கிலாந்தில் சில்செஸ்டர் என்ற ரோமானிய நகரத்தில் 1890-ல் ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள். மரக்கட்டை சீக்கிரம் தேயாமலிருக்க அடியில் இரும்புத் தகடு. வாய்க்குக் குறுக்கே ஒரு கம்பி. அந்தக் கம்பிக்கும் அலகுக்கும் நடுவே ஆப்பு. படத்தை முதன்முறை பார்த்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை. சாய்வு, வாய், ஆப்பு எல்லாமே நம் ஆசாரியின் கட்டையில் இருப்பதுதான். அப்புறம் வந்தவர்கள் இதில் சேர்த்ததெல்லாம் மெருகு. எலும்புக்கூட்டை ரோமானியத் தச்சர்களே முடித்துவிட்டார்கள்.

1514-ல் ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் செதுக்கிய 'மெலன்கோலியா' என்ற புகழ்பெற்ற செப்புத்தகட்டுப் படத்தில், கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் சிறகுள்ள பெண்ணின் காலடியில் ஓர் இழைப்புளி கிடக்கிறது. பக்கத்தில் ரம்பம், அளவுச் சட்டம், ஆணிகள். கலை விமர்சகர்கள் அந்தப் பெண்ணின் துயரத்தைப் பற்றி 500 ஆண்டுகளாக எழுதுகிறார்கள். என் கண் எப்போதும் கீழே அந்தக் கட்டையிடம்தான் போகிறது.

1545-ல் இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி மன்னனுடைய 'மேரி ரோஸ்' போர்க்கப்பல் போர்ட்ஸ்மத் அருகே மூழ்கியது. 1982-ல் அதைக் கடலிலிருந்து தூக்கினார்கள். கப்பல் தச்சரின் அறையில் அவருடைய கருவிகள் இருந்தன. வெவ்வேறு அளவுகளில் இழைப்புளிகளும். ஏன் வெவ்வேறு அளவு? இதைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது.

காய்ந்த பலகை எதுவும் மட்டமாக இருக்காது. ஒரு பக்கம் குழிந்திருக்கும், ஒரு மூலை முறுக்கிக்கொண்டு எழுந்திருக்கும். சின்ன இழைப்புளியை அதன்மேல் ஓட்டினால், மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கி, பலகையின் கோணலை அப்படியே வைத்துக்கொண்டு மழமழப்பு மட்டும் கொடுக்கும். நீளமான இழைப்புளி, அதாவது 22 அங்குலம், 24 அங்குலம் உள்ளது, பள்ளத்தில் இறங்காது. இரண்டு மேடுகளின்மேல் பாலமாக உட்கார்ந்துகொண்டு மேட்டை மட்டும் சீவும். முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துண்டுச் சீவல் வரும். அப்புறம் கொஞ்சம் நீண்டது. ஒரு கட்டத்தில், பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அறுபடாமல் ஒரே நாடாவாக வரும். வந்துவிட்டால் பலகை மட்டம். அளந்து பார்க்கவே வேண்டாம், சீவலே சொல்லிவிட்டது!

முறுக்கைக் கண்டுபிடிக்கப் பெரியவர் சொல்லிக்கொடுத்த வழி இன்னும் அழகு. ஒரே அகலமுள்ள இரண்டு நேர்ச்சட்டங்களைப் பலகையின் இரு முனைகளிலும் குறுக்கே வைக்க வேண்டும். குனிந்து, ஒரு கண்ணை மூடி, முன்சட்டத்தின் மேல் விளிம்போடு பின்சட்டத்தின் மேல் விளிம்பை ஒட்டவைத்துப் பார்க்க வேண்டும். பலகையில் முறுக்கு அரிசிமணி அளவு இருந்தாலும் பின்சட்டம் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். ஐரோப்பியத் தச்சர்களும் இதே இரண்டு சட்டங்களைத்தான் வைத்துப் பார்த்தார்கள்.

இரண்டு பலகைகளை அகலவாட்டில் சேர்க்க வேண்டுமா? இரண்டையும் முகத்தோடு முகம் வைத்து இறுக்கி, இரண்டு விளிம்புகளையும் ஒரே தள்ளில் சேர்த்து இழைக்க வேண்டும். கை கொஞ்சம் சாய்ந்து போயிருந்தாலும் கவலையில்லை. புத்தகம் மாதிரி விரித்து வைக்கும்போது ஒன்றின் சாய்வை இன்னொன்று சரிக்கட்டிவிடும். நான் முதன்முதலில் அப்படி இழைத்த இரண்டு வாகைப் பலகைகளை ஒன்றின்மேல் ஒன்று நிறுத்தி ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தேன். நடுவே ஒரு கீற்று வெளிச்சம்கூட வரவில்லை. அன்று முழுக்க வீட்டுக்கு வந்தவர்கள் அத்தனை பேரிடமும் அதைக் காட்டினேன்.

இனி, இழைப்புளியின் ஜென்மப் பகை: எதிர்நார். மரத்தின் நார் எந்தப் பக்கம் எழுகிறதோ அந்தப் பக்கமாகச் சீவினால் மரம் வழிவிடும். எதிர்த்துப் போனால், பூனையை வாலிலிருந்து தலைக்குத் தடவினாற்போல், ரோமமெல்லாம் குத்திட்டு நிற்கும். உண்மையில் நடப்பது இதுதான்: அலகு மரத்தை வெட்டுவதற்கு முன்பே, ஆப்பு மாதிரி வேலை செய்து நாரைப் பிளந்துவிடுகிறது. அந்தப் பிளவு அலகுக்கு முன்னால் ஓடிப்போய், மரத்துக்குள் இறங்கி, சிராயாகப் பிய்த்துக்கொண்டு வருகிறது. பலா, பூவரசு மாதிரி நார் அங்கங்கே திசைமாறும் மரங்களில் இது பெரிய தலைவலி. அலகுக்கு முன்னால் வாயை ரொம்பக் குறுகலாக வைப்பது ஒரு வைத்தியம். வாயின் முன்விளிம்பு நாரை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

இதைவிட மேலான வைத்தியம் 18-ஆம் நூற்றாண்டில் வந்தது. அலகின்மேல் இன்னொரு தகடு! 1767-ல் பிலடெல்பியாவில் சாமுவேல் கருதர்ஸ் என்ற கருவி செய்பவர் இரட்டைத் தகடு வைத்த இழைப்புளி விற்பதாகப் பத்திரிகையில் விளம்பரமே கொடுத்திருக்கிறார். மேல்தகட்டின் நுனி, அலகின் நுனிக்கு மிக அருகில் உட்கார்ந்திருக்கும். சீவல் எழுந்தவுடனே அந்தத் தகட்டில் முட்டி முன்பக்கமாக மடங்கிவிடும். மடங்கிய சீவலால் நாரைத் தூக்க முடியாது. தூக்க முடியாவிட்டால் பிளவும் முன்னே ஓட முடியாது. ஜப்பானின் யமகதா பல்கலைக்கழகத்தில் கவாய், கட்டோ என்ற இரண்டு பேராசிரியர்கள் இதை உருப்பெருக்கிப் படமே பிடித்துக் காட்டினார்கள். மேல்தகடு தள்ளி இருக்கும்போது மரம் பிய்ந்து வருவதையும், மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு தூரத்துக்குக் கொண்டுவந்ததும் அதே மரம் அடங்கிப் போவதையும் அந்தப் படத்தில் கண்ணால் பார்க்கலாம். நான் எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கே இல்லை. பார்த்த கையோடு என் இரும்பு இழைப்புளியின் மேல்தகட்டை நுனிவரை நகர்த்தி, முரண்டு பிடித்துக்கொண்டிருந்த ஒரு பலாப் பலகையில் ஓட்டினேன். எதிர்நாரில்! சிராய் ஒன்றுகூட எழவில்லை. மஞ்சள் பலகை ஈரம் பட்டது போல் மினுங்கியது. 250 வருடத்துக்கு முந்தைய ஒரு தச்சனின் மூளை என் திண்ணையில் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜப்பான் என்றதும் நண்பர் ஒருவர் அங்கிருந்து வாங்கிவந்து கொடுத்த கன்னாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கன்னா என்றால் ஜப்பானிய இழைப்புளி. கருவாலி மரக்கட்டை, பிடி கிடையாது, தள்ளக் கூடாது, தன் பக்கம் இழுக்க வேண்டும். அலகு இரண்டு உலோகத்தை ஒட்டி அடித்தது: வெட்டும் பக்கம் மெல்லிய கடின எஃகு, முதுகுக்கு மெத்தென்ற இரும்பு. கடினமான எஃகு கூர்மையைத் தக்கவைத்துக்கொள்ளும். மெத்தென்ற இரும்பு, அது உடையாமல் தாங்கிக்கொள்ளும், கல்லிலும் சுலபமாகத் தேயும். எஃகுப் பக்கத்தில் நடுவே குழித்திருப்பார்கள், தேய்க்க வேண்டிய இடம் குறைவாக இருக்கட்டும் என்று. அலகே ஆப்பு வடிவில் இருப்பதால் கட்டைக்குள் தானே இறுகிக்கொள்கிறது. அந்த நாட்டில் 'கெசுரோகாய்' என்று ஒரு கூட்டம் நடத்துகிறார்கள். ஊர் ஊராகத் தச்சர்கள் கூடி யார் மெல்லிய சீவல் எடுப்பது என்று போட்டி! மனித முடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அவர்கள் எடுக்கும் சீவல் ஒற்றை இலக்க மைக்ரான். சீவலுக்குப் பின்னால் கையை வைத்தால் ரேகை தெரிகிறது.

இந்தக் கட்டை இழைப்புளி ஜப்பானுக்குள் வந்து பரவியது 15, 16-ஆம் நூற்றாண்டுகளில்தான். அதற்கு முன்னால் அவர்கள் ஈட்டிமுனை போன்ற ஒரு கத்தியால் மரத்தைச் சீவினார்கள். யாரிகன்னா என்று பெயர். உலகத்தில் இன்றும் நிற்கும் மிகப் பழைய மரக்கட்டடங்கள் உள்ள ஹோரியூஜி கோயிலின் தூண்கள் அந்தக் கத்தி கண்டவை. அந்தக் கருவி வழக்கொழிந்து போயிருந்தது. ஹோரியூஜியின் தலைமைத் தச்சர் நிஷியோகா சுனேகாஸு, பழைய கருவிகளையும் மரத்தில் கிடந்த தடங்களையும் பார்த்து அதை மறுபடி கொல்லரிடம் அடிக்கச் செய்து, பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். நாராவில் யாகுஷிஜி கோயிலின் மேற்குக் கோபுரத்தை 1981-ல் புதிதாக எழுப்பி முடித்ததும் அவர் தலைமையில்தான். 1995-ல் காலமான அந்த மனிதரை நான் ஒரு சித்தராகவே நினைக்கிறேன்.

அமெரிக்காவில் லியோனார்ட் பெய்லி என்பவர் ஆப்புக்கு விடை கொடுத்தார். வார்ப்பிரும்பு உடல், அலகை இறக்க ஏற்ற, விரலால் திருகும் ஒரு பித்தளைக் குமிழ். 1867-ல் காப்புரிமை. 1869-ல் ஸ்டான்லி நிறுவனம் அவருடைய உரிமைகளை வாங்கியது. 150 ஆண்டு கடந்தும் அதே அமைப்புதான் உலகம் முழுக்க ஓடுகிறது. நம் ஜலந்தரில் வார்க்கிற இழைப்புளியும் அதே வம்சம். வேலை நடுவே தலையை நிமிர்த்தாமல், ஆட்காட்டி விரலால் அந்தக் குமிழைக் கால் திருகு திருகிச் சீவலை மெல்லிசாக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறதே, அதற்காகவே பெய்லிக்கு ஒரு சிலை வைக்கலாம்.

மர வேலைக்கு இயந்திரம் பெய்லிக்கும் முன்பே வந்துவிட்டது. போர்ட்ஸ்மத் கப்பல் தளத்தில் மார்க் புரூனெல் வடிவமைத்து ஹென்றி மாட்ஸ்லே செய்துகொடுத்த 45 இயந்திரங்கள், 110 கைத்தொழிலாளிகள் செய்த கப்பி வேலையை 10 பேரை வைத்து முடித்தன. 1808-ல் ஆண்டுக்கு 1,30,000 கப்பிகள். 1828-ல் அமெரிக்காவில் வில்லியம் உட்வொர்த் பலகை இழைக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். இதில் எனக்கு வருத்தமில்லை. நாள் முழுக்கத் தரைப்பலகை இழைத்து இடுப்பு ஒடிந்தவர்களுக்கு அது விடுதலை.

ஆனால் கடைசி மெருகை இன்றுவரை எந்த இயந்திரமும் கையிடமிருந்து பறிக்கவில்லை என்று அடித்துச் சொல்வேன். இயந்திரம் இழைத்த பலகையைச் சாய்வு வெளிச்சத்தில் பாருங்கள், குறுக்கே அலை அலையாக வரி தெரியும். உப்புத்தாள் போட்டால் அந்த வரி போகும். கூடவே மரத்தின் கண்களில் தூசி அடைந்து, மேலெல்லாம் நுண்ணிய கீறல் விழுந்து, நிறம் மங்கிப்போகும். இழைப்புளி கீறுவதில்லை, வெட்டுகிறது. வெட்டிய நார் வெளிச்சத்தை வாங்கித் திருப்பிக் கொடுக்கிறது. பாலிஷ் போடாத தேக்கு அப்படி ஜொலிப்பதை ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு உப்புத்தாளைக் கையில் எடுக்கத் தோன்றாது.

உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்து மர இழைப்புளி ஒன்று கிடக்கலாம். தயவுசெய்து அதை அடுப்புக்கும் போடாதீர்கள், பழைய இரும்புக்காரரிடமும் கொடுத்துவிடாதீர்கள். அலகில் துரு ஏறியிருந்தால் பரவாயில்லை, கல்லில் போய்விடும். அடிக்கட்டை கோணியிருந்தால் பக்கத்துப் பட்டறை ஆசாரியிடம் கொடுங்கள், ஒரு மணி நேரத்தில் மட்டமாக்கித் தருவார். நார் ஒழுங்காக ஓடும் ஒரு வேப்பம் பலகையையோ தேக்குத் துண்டையோ எடுத்துக்கொள்ளுங்கள். அலகை நன்றாகத் தீட்டி, வாயில் மயிரிழை அளவு நீட்டி, ஆப்பை இறுக்கித் தள்ளிப் பாருங்கள்.